ஓட்டுநர் இல்லாத ரயிலும் கைச்சிட்டையும்

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய உறுப்பினர் பலர், "இனிமேல் கணக்கு தானாகவே ஓடிக்கொள்ளும்" என்று சொல்லக் கேட்கிறேன். நைனார்பாளையத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நானும் அப்படிச் சொன்னவன்தான். தானாக ஓடுவது என்றால் என்ன என்பதை அறிய, மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் ஓடும் ஓட்டுநர் இல்லாத ரயிலைக் கொஞ்சம் பார்ப்போம்.

கிளானா ஜெயா பாதை எனப்படும் இந்த இலகு ரயில் 1998 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. 2016-ல் நீட்டிக்கப்பட்ட பின் அதன் நீளம் சுமார் 46 கிலோமீட்டர், நிலையங்கள் 37. நம் தமிழர்கள் கடை வைத்திருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் அருகே கே.எல். சென்ட்ரலிலும் இது நிற்கும். முன்பக்கத்தில் ஓட்டுநர் அறை கிடையாது. பிள்ளைகள் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தண்டவாளத்தை வேடிக்கை பார்க்கலாம்.

ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு நொடி தெரிவித்தபடி இருக்கும். முன்னால் போகும் ரயில் எங்கே என்று பார்த்து, பின்னால் வருவது எதுவரை போகலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதாவது, வண்டி நகர நகர அதன் இருப்பும் பேரேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பதிவு சரியாக இருக்கும்வரை மோதலுக்கு இடமில்லை. ஓட்டுநர்தான் இல்லையே தவிர, கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் இராப்பகலாகக் கண்காணிக்கிறார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய விபத்தின்றி ஓடிய அந்தப் பாதையில் 2021 மே 24 இரவு, கம்போங் பாரு, கே.எல்.சி.சி. நிலையங்களுக்கு இடையே சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் மோதின. 213 பேர் காயமடைந்தனர். 47 பேருக்குப் பலத்த காயம். பயணிகள் இருந்த ரயில் தானியங்கி முறையில் வந்தது. மோதிய காலி ரயிலை அன்று ஓர் ஊழியர் கையால் ஓட்டினார். அது போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போய்விட்டது என்று விசாரணையில் தெரிந்தது. எந்திரம் ஓட்டிய வண்டியில் குற்றமில்லை, கைக்கு மாறிய வண்டியில்தான் தவறு நேர்ந்தது.

அடுத்த ஆண்டு நேர்ந்தது வேறு வகை. 2022 நவம்பரில் அந்தத் தானியங்கிக் கட்டுப்பாடே பழுதாகி, 16 நிலையங்களைச் சில நாட்கள் மூடவேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது என் கிடங்கு நினைவுக்கு வந்தது. ஒரு தீபாவளிக்கு முன் கடையில் கூட்டம் நெரிக்கும்போது கரண்ட் போய்விட்டது. மகன் கைச்சிட்டை போட்டு வியாபாரம் பார்த்தான். கரண்ட் வந்ததும் அந்தச் சிட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. மாதக் கடைசியில் எண்ணினால் கிடங்கில் சர்க்கரை 14 மூட்டை குறைவு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில், இருபது வருடமாக என்னிடம் கிடங்கு பார்க்கும் ஆளை நான்கு பேர் முன்னால் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் அந்தச் சிட்டை தராசுப் பலகைக்கு அடியில் கிடைத்தது. நானே அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பர் 28-ல் ஓட்டுநர் இல்லாத ரயில் வந்தது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் அத்தகைய ரயில்கள்தான். நம் கடைகளிலும் இதெல்லாம் பெருகத்தான் செய்யும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் கம்ப்யூட்டரையும் விற்றுவிடவில்லை.

இப்போது என் கடையில் கைச்சிட்டைப் புத்தகம் ஒன்றுதான், வரிசை எண் அச்சடித்தது. கரண்ட் போனால் எந்த எண்ணில் தொடங்கினோம், திரும்பி வந்தபோது எந்த எண்ணில் நிறுத்தினோம் என்று இரண்டையும் சிலேட்டில் எழுதிவிட வேண்டும். இடையிலுள்ள எண்கள் முழுவதும் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகுதான் அடுத்த பில். வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். புத்தகம் அந்தக் கிடங்குக்காரர் பொறுப்பில் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடாமல் மகன்கூட அன்றையக் கணக்கை முடிக்க முடியாது.