கரப்பான் ஊசி: முகம் சிவந்தால்...



எக்ஸிமா எனப்படும் கரப்பான் கடுமையாக இருப்பவர்களுக்கு ‘டுபிலுமாப்’ என்ற ஊசி போடப்படுகிறது. 2017இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற மருந்து இது. பெரியவர்களுக்கு வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவார்கள்.

உடம்பெல்லாம் ஆறிவரும் வேளையில் சிலருக்கு முகமும் கழுத்தும் சிவந்து எரியும். ஊசி போட்ட இடம் தடிக்கலாம். உதட்டில் கொப்புளம் வரலாம். அபூர்வமாகச் சொரியாசிஸ் போன்ற செதில்கள் தோன்றலாம். கண் சிவந்து உறுத்துவதும் உண்டு.

‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நீங்களாகவே ஊசியை நிறுத்திவிடாதீர்கள். கரப்பான் திரும்பி வரக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசவும் வேண்டாம். தோலில் வாழும் பூஞ்சை, பூசும் பொருளின் ஒவ்வாமை, பழைய களிம்பைத் திடீரென விட்டது என முகச் சிவப்புக்குக் காரணங்கள் பல. எது என்று தோல் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஊசியைத் தொடர்ந்தபடியே சரிசெய்யலாம்.

ஆனால் மூச்சுத்திணறல், முகவீக்கம், கண்வலி, பார்வை மங்கல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.