கதவை அடைத்துக்கொள்ளும் தாய்

ஐதராபாத் நகரில் மௌலா அலி என்ற இடம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பாறைக் குன்று. குன்றின் உச்சியில் தர்கா உள்ளது. ஏறிப் போகப் படிகள் உண்டு. மேலே நின்று அண்ணாந்து பார்த்தால், பருந்துகள் வட்டமிடுவது தெரியும்.

பறவை பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமை வேண்டும். சத்தம் போடாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பறவையின் நிறம் என்ன? அலகு எப்படி இருக்கிறது? எதைத் தின்கிறது? எங்கே கூடு கட்டுகிறது? இவற்றைக் கவனிக்க வேண்டும். பார்த்த நாளோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிப் பார்த்து எழுதியவர்தான் சலீம் அலி. இவர் 1896-இல் பிறந்தார். 1931-இல் ஐதராபாத் சமஸ்தானம் முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். மனைவி தெஹ்மினாவும் உடன் போனார். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் அதே வேலையைத் தொடங்கினார். ஐதராபாத் பாறையும் வெயிலும் நிறைந்த பூமி. திருவிதாங்கூரிலோ மழைக்காடு நிறைந்த மலைகள். அது மேற்குத் தொடர்ச்சி மலை.

அந்த மலைக்காட்டில் இருவாச்சி என்ற பெரிய பறவை வாழ்கிறது. மஞ்சள் நிற அலகு. அதன் மேல் தொப்பி வைத்தது போல ஒரு புடைப்பு. நீளம் 3 அடிக்கு மேல். பறக்கும்போது சிறகுச் சத்தம் வெகு தூரம் கேட்கும். பழைய நீராவி ரயில் எஞ்சின் 'புஸ், புஸ்' என்று மூச்சு விடுமே, அதைப் போன்ற சத்தம்.

இருவாச்சி தானாக மரத்தைக் குடைந்து பொந்து செய்யாது. பழைய பெரிய மரத்தில் தானாக உண்டான பொந்தைத் தேடும். பெண் பறவை அதற்குள் போய் உட்காரும். தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாசலைப் பூசி அடைத்துவிடும். ஒரு சிறிய இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளேயே முட்டையிட்டு அடைகாக்கும். அப்போது அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது.

ஆண் பறவைதான் நாள்தோறும் அத்திப்பழமும் மற்றப் பழங்களும் கொண்டு வந்து ஊட்டும். மாதக்கணக்கில் இது நடக்கும். அந்த நேரத்தில் ஒருவன் ஆண் பறவையைச் சுட்டுவிட்டால் என்ன ஆகும்? உள்ளே தாயும் குஞ்சும் பசியோடு காத்திருக்கும். ஒரு குண்டு, ஒரு குடும்பத்தையே அழித்துவிடலாம்.

நஷ்டம் காட்டுக்கும்தான். இருவாச்சி பழத்தைத் தின்று, விதையை வேறு இடத்தில் போடுகிறது. அங்கே புது மரம் முளைக்கிறது. மரம் இருந்தால்தான் காடு. காடு இருந்தால்தான் ஆற்றில் தண்ணீர்.

ஆனைமலைக்கு அடுத்துள்ள கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முன்பு சிலர் குஞ்சுகளை உணவுக்காக எடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டுகளின் நடுவில் இது மாறத் தொடங்கியது. வனத்துறையும் ஆய்வாளர்களும் அவர்களோடு பேசினார்கள். இப்போது காடர்களே கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். அதற்குக் கூலியும் கிடைக்கிறது. அவர்களுடைய காட்டறிவுக்கு மதிப்பு வந்தது.

இருவாச்சிக் குடும்பப் பறவைகள் ஆப்பிரிக்காவிலும் உண்டு. உகாண்டா நாட்டில் பிவிண்டி என்ற மலைக்காடு இருக்கிறது. 1991-இல் அது தேசியப் பூங்கா ஆனது. அங்கே கறுப்பு வெள்ளை நிற இருவாச்சிகளைப் பார்க்கலாம். பறவை பார்க்கப் பல நாட்டவர் வருகிறார்கள். உள்ளூர் மக்களில் பலர் அவர்களுக்கு வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். அந்தப் பறவையும் மரப் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கிறது.

ஐதராபாத் நகரிலும் சாம்பல் நிறச் சிறிய இருவாச்சி உண்டு. ஆலமரமும் அரசமரமும் பழுத்திருக்கும்போது அது வரும். அதற்கும் பொந்துள்ள பழைய மரம் வேண்டும். பொந்து விழுந்த மரத்தைப் பார்த்தால் பலர், "பட்ட மரம், வெட்டிவிடலாம்" என்பார்கள். வெட்டுவதற்கு முன் சற்று நின்று பாருங்கள். இடுக்கில் ஓர் அலகு தெரிகிறதா?

பேசிப் பாருங்கள்:

1. பெண் இருவாச்சி ஏன் ஆண் பறவையை நம்பி இருக்கிறது?

2. இருவாச்சி இல்லாவிட்டால் காட்டுக்கு என்ன நஷ்டம்?

3. உங்கள் ஊரில் பொந்துள்ள பழைய மரங்கள் எங்கே இருக்கின்றன? அவற்றில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன? ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்.