உப்புக்காற்றில் பழைய கார்: பாயின்டுக்குப் பதில் மின்னணுப் பற்றவைப்பு

தூத்துக்குடிக் கரையோரத்தில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருக்கும் விவசாயிகள், காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்றில் அதிலுள்ள பாயின்ட் 6,000 முறை திறந்து மூடுகிறது. தேய்மானம் போதாதென்று உப்புக்காற்றும் முனைகளை அரிக்கிறது. சுமார் 0.4 மி.மீ. இடைவெளி மாறினால் டைமிங் மாறும், பெட்ரோல் வீணாகும்.

பாயின்ட், கண்டென்சர் இரண்டையும் எடுத்துவிட்டு, காந்த வளையமும் உணர்கருவியும் கொண்ட மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்தலாம். இதில் உரசித் தேயும் முனை இல்லை. பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்துள்ளது என்பதை முதலில் பார்க்கவும். மாற்றி இணைத்தால் கருவி எரிந்துவிடும். பொருத்தியபின் டைமிங்கைச் சரிபார்க்கவும்.

மூடியிலும் பிளக் ஒயர்களிலும் படியும் உப்பீரத்தை இக்கருவி தடுக்காது. அவற்றை உலர்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். கழற்றிய பாயின்டைக் காரிலேயே வைத்திருங்கள். மின்னணுக் கருவி வழியில் பழுதானால், பாயின்டைப்போல உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சரிசெய்ய முடியாது.