மழைக்கு நிற்கும் வீடு எது? உடப்புசல்லாவைப் பக்கம் வீடு தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் வெளிநாட்டில் வேலை செய்யும் மகளும் அனுப்பிய பணம் கொஞ்சம் சேர்ந்துவிட்டால், தோட்டத்து வீடுகளில் பேச்சு ஒன்றுதான். இருக்கும் லயக் காம்பராவை எடுத்துக் கட்டுவதா? கைமாறும் பழைய சோடி வீடு ஒன்றை எடுப்பதா? வீடமைப்புத் திட்டத்தின் தனிவீட்டுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பதா? டவுனை ஒட்டிக் காணி வாங்கிச் சொந்தமாகக் கட்டுவதா?

நான்கில் எதை எடுத்தாலும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாக இருக்க வேண்டும். மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, விழுந்த தண்ணீர் எங்கே போகிறது? இந்த மலையில் வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். டைல்ஸும் பெயின்டும் அதை மறைக்கும், தடுக்காது.

எப்போது போய்ப் பார்ப்பது

ஹட்டன் பக்கத்து உறவினர் சொல்லும் கணக்கு இங்கே சரிவராது. அவர்களுக்குப் பெருமழை மே தொடங்கி வரும் தென்மேற்குப் பருவத்தில். உடப்புசல்லாவைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்கு மழைதான் கடுமை. ஆகஸ்ட் வெயிலில் பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான். முடிந்தால் டிசம்பரில், மழை பெய்யும்போதே போங்கள். வடகிழக்கைப் பார்த்த சுவரை உள்ளேயிருந்து தொட்டுப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் குளிர்ந்து பிசுபிசுத்து, பெயின்ட் உப்பிப் பொருக்காக உதிர்ந்தால், அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் தார்ப் படை இல்லை, அல்லது பழுதாகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அதைப் பிறகு சரிசெய்வது கடினம், செலவும் அதிகம்.

வீட்டுக்கு முன் மேட்டைப் பாருங்கள்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மறுபடியும் மலைகள் சரிந்தன. சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரியும் மேட்டுக்கு அது ஈடுகொடுக்காது.

பின்பக்க மேடு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறதா? வெட்டிய இடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடமிருக்கிறதா? மேட்டின் தலையில் கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறார்களா? மரங்கள் சாய்ந்து நிற்பது, நிலத்தில் வெடிப்பு ஓடுவது, இதுவரை இல்லாத ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வருவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். புதிதாகக் கட்டுவதென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை தேவை. அந்தக் காகிதத்தை அலைச்சலாக நினைக்க வேண்டாம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

வீட்டின் பாதி வெட்டிய தரையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கிறதா என்றும் கேளுங்கள். நிரப்பிய பக்கம் இறங்கும்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். மெல்லிய கடதாசித் துண்டொன்றை வெடிப்பின் குறுக்கே இறுக்கமாக ஒட்டி, திகதி எழுதி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கடதாசி கிழிந்தால் வெடிப்பு இன்னும் விரிகிறது.

கூரையும் சுவரும்

கூரைத் தகட்டில் ஆணி அலையின் மேட்டில் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீர் அந்தத் துளை வழியாகவே இறங்கும். கூரை சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீண்டிருந்தால்தான் சாரல் சுவரில் ஏறாது. அஸ்பெஸ்டஸ் தகடு மலிவு, சத்தம் குறைவு. ஆனால் அதை வெட்டும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழைய தகட்டைப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் உடைக்காதீர்கள். தகரம் இலேசு என்பதால் காற்று தூக்கும், மரத்தோடு கொக்கி போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சீமெந்துக் கல்லை இறக்கும் நாளில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ஆணியால் கீறினால் மணலாகக் கொட்டும் கல்லைத் திருப்பி அனுப்புங்கள். கட்டிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றச் சொல்லி மேசன் பாஸிடம் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றிக் கம்பி போட்ட கொங்கிறீற் வளையம் ஓட வேண்டும். பணம் போதவில்லை என்று அதை விடாதீர்கள்.

உள் அமைப்பு

பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக 10க்கு 12 அடி காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு, சிறிய குசினி. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை. வெளிச்சமும் காற்றும் ஒரே பக்கம்தான். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் தனிவீடு 550 சதுர அடி. இரண்டு அறை, விறாந்தை, குசினி, மலசலகூடம் அதில் அடக்கம். இந்தத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் குசினியில் தொடங்குங்கள். இந்தக் குளிரில் குடும்பம் கூடும் இடம் அடுப்படிதான். விறகு அடுப்பென்றால் புகைபோக்கி வேண்டும், விறகு நனையாமல் அடுக்க இடம் வேண்டும், மலையிலிருந்து வரும் பெண் ஈரக் கம்பளியையும் படங்கையும் கழற்றிப் போட ஒரு மூலை வேண்டும். படிக்கும் பிள்ளைக்குக் கதவு சாத்தக்கூடிய அறை ஒன்று அவசியம். வளர்ந்த மகள் இருக்கும் வீட்டில் மலசலகூடம் இரவில் வெளியே நடக்காமல் போகும் இடத்தில் இருக்க வேண்டும். பீலி எவ்வளவு தூரம் என்பதையும், தண்ணீர் வராத நாளில் என்ன வழி என்பதையும் அங்கே வாழும் பெண்களிடமே கேளுங்கள்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்

லயக் காம்பரா: நிலம் உங்கள் பெயரில் இல்லை. பெரும் பணம் போடாதீர்கள். கூரை, கான், புகைபோக்கி இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

சோடி வீடு: ஒரு சுவர் அடுத்த வீட்டோடு பொது. கூரை இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒழுக்கைத் தேடுங்கள். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

திட்டத் தனிவீடு: 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம், தோட்டம் போட இடம், தனி மதில். நிரப்பிய மண்ணையும் வடிகானையும் கவனியுங்கள். உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் வருமா என்று கேளுங்கள்.

சொந்தக் கட்டு: முழு உரிமையும் சுதந்திரமும் இதில்தான். செலவும் மேற்பார்வையும் உங்கள் தலையில். தூரத்தில் இருப்பவர்கள் கட்டுவித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலையைப் பார்த்த பிறகே பணம் விடுங்கள்.

என் தீர்ப்பு இது. பாதுகாப்பான நிலத்தில், உறுதியோடு திட்டத் தனிவீடு கிடைக்குமானால் கொஞ்சம் காத்திருந்தாவது அதை எடுங்கள். கிடைக்காதவர்கள் சின்னதாகவே சொந்தமாகக் கட்டலாம்: ஒரு அறை, ஒரு குசினி, உள்ளே மலசலகூடம், பிறகு நீட்ட இடம். பணத்தை முதலில் கானுக்கும் மேட்டைத் தாங்கும் அணைச்சுவருக்கும், பிறகு அத்திவாரத்துக்கும் சுவருக்கும், அதன்பின் கூரைக்கும், அடுத்துக் குசினிக்கும் ஒதுக்குங்கள். டைல்ஸ் கடைசி. நம் தாத்தா பாட்டிமார் இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை மற்றவர்கள் கொடுத்த காம்பராவில் வாழ்ந்தார்கள், தேர்வு செய்யும் வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை. உங்களுக்கு அது வந்திருக்கிறது. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.