கிணற்றுக்குக் கீழே உள்ள கல்

1990இலும் 1995இலும் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் வவுனியாப் பக்கம் கிணறு வெட்டிய குடும்பங்களிடம் நாம் பலமுறை கேட்ட முறைப்பாடு ஒன்று உண்டு. ஊர்க் கிணறு இறைக்க இறைக்க ஊறியது. இங்கே சிறிது நேரம் இறைத்தாலே அடி தெரிகிறது என்பார்கள். சிலர் கிணறு வெட்டியவரைக் குறை சொல்வார்கள். அவரில் பிழை இல்லை. நிலத்துக்குக் கீழே உள்ள கல்தான் வேறு.

யாழ்ப்பாணத்து வெள்ளைக்கல் கடலில் பிறந்தது. மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், அப்பகுதி ஆழமற்ற கடலாக இருந்தது. சிப்பி, முருகை போன்ற உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, இறுகிச் சுண்ணக்கல் ஆகின. இவ்வாறு படிந்து உருவாவதை அடையற் பாறை என்கிறோம். உடைத்த கல்லை உற்றுப் பார்த்தால் சிப்பியின் அடையாளம் சிலவேளை தெரியும்.

இக்கல்லை மழைநீர் கரைக்கும். மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளை அரித்து, குகைகளும் சுரங்க வழிகளும் ஆக்குகிறது. கீரிமலைக் கேணியும் புத்தூர் நிலாவரைக் கிணறும் இப்படிப்பட்ட நிலத்தின் பிள்ளைகள். கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாவதை நம் வீட்டிலேயே காணலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்த வாயு வெளியேற, கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதுதான்.

துவாரமுள்ள கல்லில் தண்ணீர் விரைந்து ஓடும். ஆகவே கிணறு விரைவில் ஊறும். ஆனால் மலசலகூடக் குழியின் அழுக்கும், தோட்டத்துக்கு இட்ட யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றும் அதே வழியால் அதே வேகத்தில் கிணற்றை அடையும். ஆதலால் அங்கே மீளக் குடியேறுவோர் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று உவர். நன்னீர் அங்கே உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். நீர்மட்டம் 1 அடி இறங்கினால், உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும். பம்பு வைத்து அளவின்றி இறைத்த தோட்டங்கள் உவரானது இதனால்தான்.

வவுனியாவின் கருங்கல்லின் கதை வேறு. உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. தீப்பாறையோ அடையற் பாறையோ பூமியின் ஆழத்துக்குள் அமிழ்ந்து, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் வெந்து மாறினால் உருமாறிய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய பழம் பாறைகளாலானது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பெரும் மாற்றத்துக்கு உள்ளாயின. மாத்தளைப் பக்கத்துப் பளிங்குக்கல்லும் ஒரு காலத்தில் சுண்ணக்கல்லே.

கருங்கல்லுக்குள் துவாரம் இல்லை. வெயிலும் மழையும் பட்டு மேற்பகுதி உக்கி, ஒரு பங்கு களியாகவும் ஒரு பங்கு மணலாகவும் ஆகிறது. தண்ணீர் நிற்பது இந்த உக்கிய படையிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே. ஆகவே வெடிப்பில்லாத கல்லைத் தொட்டபின் வெடி வைத்து ஆழமாக்குவது பெரும்பாலும் காசைப் புதைப்பதாகும். அகலமான கிணறு நல்லது. இரவில் மெல்ல ஊறும் நீரை அது சேர்த்து வைக்கும். பள்ளக் காணியில், குளத்துக்குக் கீழ்ப்புறம் உக்கிய படை தடிப்பாயிருக்கும் இடத்தில் வெட்டினால் வாய்ப்பு அதிகம்.

இக்கல் உக்கும்போது சில இடங்களில் புளோரைட்டும் நீரில் கரைகிறது. ஒரு லீற்றரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், வளரும் பிள்ளைகளின் பற்கள் கபில நிறமாகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. புதுக் கிணற்று நீரைக் குடிப்பதற்கு முன் பரிசோதிப்பித்துக்கொள்ளுங்கள். அளவு கூடுதலாயிருந்தால் அந்தக் கிணற்றைத் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் மழைநீரைச் சேர்க்கலாம்.