சுட்டாப் பெயரும் சுட்டும் அடையாளமும்: இணையவழி மாணவர் கருத்தறி படிவங்களை முன்வைத்து

முன்னுரை

உயர்கல்வி நிறுவனங்களின் தர மதிப்பீட்டில் மாணவர் கருத்து இன்று தனியிடம் பெற்றுள்ளது. தேசியத் தரமதிப்பீட்டுக் குழு (நாக்) 2017ஆம் ஆண்டு முதல் மாணவர் மனநிறைவு ஆய்வை இணையவழியே நடத்தி வருகிறது. அதன் வினாநிரலில் உள்ள 21 வினாக்களுள் 20 வினாக்கள் விடை தெரிவு செய்யும் வகையின. எஞ்சிய ஒன்று மாணவர் தம் சொற்களில் எழுதுவதற்குரியது. இஃதன்றிப் பருவ இறுதியில் ஒவ்வொரு தாளுக்கும் துறைகளே கூகுள் படிவம் வழியாகக் கருத்துப் பெறுகின்றன. பெயர் எழுத வேண்டியதில்லை என்னும் உறுதிமொழி அப்படிவங்களில் பெரும்பாலும் காணப்படும். பெயர் நீங்கினால் எழுதியவரும் மறைந்துவிடுவாரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வேம்பு காட்டிய வேந்தன்

இவ்வினா தமிழ் ஆய்வாளருக்குப் புதியதன்று. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. நக்கீரரின் நெடுநல்வாடை இவ்விதியை மீறவில்லை. 188 அடிகளில் ஓரிடத்தும் தலைவன் பெயர் இல்லை. எனினும் நச்சினார்க்கினியர் அப்பாட்டை அகமெனக் கொள்ளாமல் புறத்தின்பாற்படுத்தினார். பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாகக் கூறப்படுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஒரு பூ போதுமானதாயிற்று. அவர் முடிபை ஏற்காத அறிஞர் உளர். அவ்விவாதம் ஈண்டு வேண்டுவதன்று. பெயர் வேறு, அடையாளம் வேறு என அவர் பிரித்தறிந்த நுட்பமே நமக்கு வேண்டுவது.

இதன் மறுதலையும் சங்க இலக்கியத்தில் உண்டு. பெயர் தெரியாத புலவர்களைச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என அவர்தம் பாடல் தொடர்களாலேயே குறித்தனர். எழுதியவர் பெயர் மறைந்த பின்னும் எழுதிய தொடர் ஒருவரைத் தனித்துக் காட்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

சிறு வகுப்பும் ஒரு தொடரும்

கட்டுரையாளர் படவேட்டைச் சேர்ந்தவர். சவ்வாது மலையடிவாரத்திலுள்ள இவ்வூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று முதுகலை பயின்ற காலத்தில், பெயரில்லாப் படிவம் ஒன்றில், "மாலை வகுப்பு நீண்டால் ஊருக்குக் கடைசிப் பேருந்து போய்விடுகிறது" என எழுதினார். மறுவாரம் ஆசிரியர் வகுப்பில் சிரித்தவாறே, "படவேட்டுப் பேருந்துதானே?" என்றார். அவர் கேள்வியில் சினமில்லை; வகுப்பும் அதன்பின் உரிய நேரத்தில் முடிந்தது. ஆயினும் பதினொரு பேர் கொண்ட அவ்வகுப்பில் எவரும் அடுத்த பருவத்தில் இறுதி வினாவிற்கு விடை எழுதவில்லை. அத்தொடரில் பேருந்துதான் வேம்பு.

எண்ணிக்கை குறையக் குறைய அடையாளம் கூர்மையாகும். அமெரிக்காவில் லடான்யா சுவீனி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அஞ்சல் குறியீடு, பிறந்த நாள், பாலினம் ஆகிய மூன்றையும் இணைத்தால் அந்நாட்டு மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்தறிய இயலும் எனக் கணித்தது. பத்துப்பேர் பயிலும் முதுகலைத் தமிழ் வகுப்பிற்கு மூன்று தரவுகள் எதற்கு? ஒரு வட்டாரச் சொல் போதும். தமிழின் தன்மை வினைமுற்று பால் காட்டாமையால் எழுதியவர் ஆணா பெண்ணா என்பது ஓரளவு மறைகிறது; இந்தியில் அவ்வாய்ப்பும் பல இடங்களில் இல்லை. ஆனால் மொழி அளிக்கும் இம்மறைப்பைப் படிவத்தின் முதற்பகுதியில் கேட்கப்படும் பாலினமும் பயிலும் ஆண்டும் அழித்துவிடுகின்றன.

அறியாமையும் வெளியிடாமையும்

அடையாளமின்மை, கமுக்கம் என்னும் இரண்டும் வேறானவை. எழுதியவர் யாரென எவரும் அறிய இயலாமை முன்னது. அறிந்தவர் வெளியிடாமை பின்னது. நாக் ஆய்விற்கு நிறுவனமே மாணவர்தம் மின்னஞ்சல் முகவரி உள்ளிட்ட விவரங்களை அளிக்கிறது. முகவரி வழியே வினாநிரல் அனுப்பப்படுகிறது. ஆகவே அங்குக் கிடைக்கக்கூடியது கமுக்கமே. துறைப் படிவங்களில் நிலை இன்னும் நுட்பமானது. மின்னஞ்சல் திரட்டும் அமைப்பை நிறுத்திவிட்டாலும், விடைகள் சேரும் விரிதாளில் ஒவ்வொரு வரிசைக்கும் நேரமுத்திரை பதிவாகும். கணினிக்கூடத்தில் மாணவர் வருகைப்பதிவு வரிசையில் அமர்ந்து நிரப்பினால், அந்நேர வரிசையே பெயர்ப்பட்டியலாகிவிடும். இந்நிலையில் பெயரின்மையை உறுதியளிப்பது, தீய நோக்கம் இல்லாவிடினும், உண்மையன்று.

சட்டமும் பெயரை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காண இடந்தரும் அவரைப் பற்றிய எந்தத் தரவையும் தனிநபர் தரவு என வரையறுக்கிறது. நச்சினார்க்கினியரின் நோக்கும் இதுவே என்றால் மிகையாகாது.

பதிப்பாசிரியரின் இடர்ப்பாடு

விடைகளின் தொகுப்பை மதிப்பெண் வெளியான பின்னரே ஆசிரியருக்கு அளிப்பது, ஐவருக்குக் குறைந்தோர் விடையளித்தால் அதனை அடுத்த ஆண்டின் விடைகளோடு சேர்த்தே காட்டுவது, நேரமுத்திரையை நீக்கி வரிசையைக் கலைப்பது ஆகியவை எளியவை. திறந்த வினாவே கடினமானது. வகுப்போடு தொடர்பில்லாத ஒருவர் விடைகளைப் பொதுநடையில் சுருக்கித் தரலாம் என்பர். அவ்வாறு செய்தால் மேற்காட்டிய தொடர், "வெளியூர் மாணவரின் போக்குவரத்து நேரத்தைக் கருத்திற்கொள்க" என்றாகும். எழுதியவர் மறைவார்; ஊரும் மறையும்; கடைசிப் பேருந்து என்னும் நெருக்கடியும் மறையும். சமுனாமரத்தூர்ப் பகுதியிலிருந்து வரும் மலைவாழ் மாணவர் தம் வழக்கில் ஒரு குறையை எழுதினால், அவ்வழக்கே குறையின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். சுவடியின் பாடத்தைத் திருத்தத் தயங்கும் நாம் மாணவரின் பாடத்தை மட்டும் தயக்கமின்றித் திருத்தலாகாது.

எனவே அம்முடிவை எழுதியவரிடமே விடுவது தகும். இறுதி வினாவின்கீழ், "என் சொற்களில் அப்படியே தருக", "பொதுநடையில் சுருக்கித் தருக", "துறைக்கு வெளியே உள்ள குழு மட்டும் காண்க" என மூன்று தெரிவுகள் அமையலாம். அவற்றின் மேல் அவ்வகுப்பில் பயில்வோர் எத்தனை பேர் என்னும் எண்ணும் அச்சிடப்பெற வேண்டும். பதினொரு பேர் என்று கண்டபின் பேருந்தைப் பற்றி எழுதுவதா வேண்டாவா என்பதை அம்மாணவர் தீர்மானிப்பார்.