மீதி எங்கே போனது?

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றியவைதான். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பலருக்கும் பொதுவாக இருக்கும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு பி.சி.ஏ. சேர்ந்தேன். முதல் செமஸ்டரிலேயே ‘சி’ பேப்பரில் அரியர். சார் இங்கிலீஷில் நடத்துவது பாதிதான் பிடிபடுகிறது. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் எடுத்தவர்கள் லேபில் மளமளவென்று அடித்து முடித்துவிடுகிறார்கள். நான் அவர்களுடைய ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறேன். அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறார். எனக்கு இந்தப் படிப்பு வராது என்று தோன்றுகிறது. பி.காம். மாறிவிடலாமா?
— ஒரு மாணவர், பள்ளிபாளையம்

பதில்: மாறாதீர்கள் தம்பி. பி.காம். நல்ல படிப்புதான். ஆனால் பயந்துபோய் ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் அந்தப் பயமும் கூடவே வரும். அடுத்த செமஸ்டர் முடியும்வரை பொறுங்கள்.

இங்கிலீஷ்தான் தடை என்று நினைக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்திய வரி வேறு. ‘ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 1989ஆம் ஆண்டுத் தர வரையறைப்படி ‘சி’ மொழிக்கென்று ஒதுக்கிய சொற்கள் மொத்தமே 32. முதல் வருடத்தில் அவை எல்லாமே அடிக்கடி புழக்கத்துக்கு வராது. அந்தச் சொற்களைக் கற்க இங்கிலீஷ் இலக்கியம் தெரிய வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் என் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மதிப்பெண்களுக்குச் சராசரி காணும் புரோகிராம். கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் 65, 70, 65 என்று கொடுத்தாள். கூட்டினால் 200. மூன்றால் வகுத்தால் 66.67 வர வேண்டும். திரையில் 66.000000 என்று வந்தது. பக்கத்து இருக்கைப் பையனின் ரெக்கார்டில் 3 என்ற இடத்தில் 3.0 என்று இருந்தது. அதைப் பார்த்து மாற்றியிருந்தால் ஒரு நிமிடத்தில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கலாம். அவள் மாற்றவில்லை. 60, 60, 60 கொடுத்துப் பார்த்தாள். 60 சரியாக வந்தது. முதல் எண்ணை மட்டும் 61 ஆக்கினாள், 60.33 வர வேண்டிய இடத்தில் மறுபடியும் வெறும் 60. நோட்டின் பின்பக்கம் முழுக்க எண்கள். நாற்பது நிமிடம் கழித்து எழுந்து வந்து கேட்டாள்: “மேடம், வகுத்ததில் மீதி எங்கே போனது?”

இத்தனை வருட ஆசிரியர் வேலையில் நான் கேட்ட மிக நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ‘சி’ மொழி முழு எண்ணைத்தான் விடையாகத் தரும்; தசமப் பகுதி அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். விடையைத் தசம எண் வைக்கும் மாறியில் போட்டு வைத்தாலும் பயனில்லை. பால் சிந்திய பிறகு பெரிய சொம்பை நீட்டிய மாதிரிதான். இதை நான் சொன்னபோது அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. 3.0 என்று பார்த்து எழுதிய பையனுக்கு அது ஏன் 3.0 என்று தேர்வு வரை தெரியவில்லை.

நீங்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும். ஒரு தாளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி கோடு போடுங்கள். புரோகிராமை வரி வரியாக நீங்களே கம்ப்யூட்டராக நின்று ஓட்டுங்கள். மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுப் புதியதைக் கீழே எழுதுங்கள். ஐந்து முறை சுற்றும் ஒரு லூப்பை இப்படிக் கையால் ஓட்டிப் பார்த்தால், அதைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டதைவிடக் கூடுதலாகப் புரியும். தினம் ஒன்று போதும்.

எரர் செய்திகளுக்கென்று தனியாக ஒரு சின்ன நோட்டு வையுங்கள். திரும்பத் திரும்ப வருபவை இருபது இருபத்தைந்துதான். செய்தி, அதன் பொருள் தமிழில், எதனால் வந்தது, இவ்வளவு எழுதினால் போதும். பல சமயம் 12ஆம் வரியில் பிழை என்று காட்டும். அங்கே தேடினால் ஒன்றும் இருக்காது. 11ஆம் வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கும். இதைப் புத்தகத்தில் எழுத மாட்டார்கள். நாமே இரண்டு முறை அலைந்தால்தான் கண் தானாக மேல் வரிக்குப் போகும்.

இன்னொன்று. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகங்கள் தமிழிலேயே இருக்கின்றன. பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். மாறி, மடக்கு, அணி, செயற்கூறு என்று அழகாகச் சொல் அமைத்து எழுதியிருக்கிறார்கள். அவற்றை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வகுப்புக்குப் போகும் முந்தைய இரவு அந்தப் பாடத்தைத் தமிழில் படித்துவிட்டுப் போங்கள். சார் இங்கிலீஷில் சொல்லும்போது விஷயம் ஏற்கெனவே உள்ளே இருக்கும், சொல் மட்டும்தான் புதிதாக இருக்கும். கல்லூரியில் இதைப் படிக்க வெட்கப்பட வேண்டாம்.

அரியரை அடுத்த வாய்ப்பிலேயே எழுதித் தீர்த்துவிடுங்கள். கேம்பஸ் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் 60 விழுக்காடு கேட்கின்றன, அந்த நேரத்தில் நிலுவைத் தாள் இருக்கக் கூடாது என்கின்றன. முதல் செமஸ்டரில் விழுந்து எழுந்ததை அவர்களில் பலர் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: மகளுக்கு கட்-ஆஃப் 148. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். ஒருவர் வீட்டுக்கே வந்து, வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகவும், இப்போதே முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். மொத்தம் ஐந்து லட்சம் லோன் போட வேண்டியிருக்கும். பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.சி.ஏ.வும் இருக்கிறது. எதில் சேர்ப்பது?
— ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. கவுன்சிலிங் முடியட்டும். 200க்கு 148 எடுத்த பெண்ணுக்குப் பொதுக் கலந்தாய்விலேயே ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மகள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், பொறியியலில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உரிமை கைவிட்டுப் போய்விடும். கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். உங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால், கலந்தாய்வு வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணத்தில் அதற்கும் சலுகை உண்டு. சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகம் வழியாக இப்போதே வாங்கி வையுங்கள்.

கடன் கணக்கையும் பாருங்கள். வருடத்துக்கு ஒன்றேகால் லட்சமாக நான்கு வருடம் வாங்குகிறீர்கள், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும். தனிவட்டியாகவே போட்டாலும் படிப்பு முடியும்போது ஐந்து லட்சம் ஆறேகால் லட்சமாகி நிற்கும். முதல் வேலைக்குச் சேரும் பெண்ணின் தலையில் அது இருக்கும்.

படிப்பில் பெரிய வேறுபாடு இருக்கிறதா என்றால், அடிப்படைப் பாடங்களில் இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் நான்கும் இரண்டிலும் உண்டு. பொறியியலில் கணிதம் ஆழமாக இருக்கும், சில நிறுவனங்கள் பி.இ. மட்டும் கேட்கும், அது உண்மை. ஆனால் பி.சி.ஏ. மூன்று வருடம் முடித்து டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம். 2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டே வருடம்தான்.

கல்லூரியை முடிவுசெய்யும் முன், வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு நீங்களும் மகளும் நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். லேபில் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம், “டேட்டா ஸ்ட்ரக்சர் யார் எடுக்கிறார்கள், வருட நடுவில் ஆள் மாறினார்களா?” என்று மகள் கேட்கட்டும். கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைக்காமல் போனால், நான் யோசிக்காமல் அந்த அரசுக் கலைக் கல்லூரியைத்தான் சொல்வேன்.

கேள்வி: விலை உயர்ந்த லேப்டாப் இல்லாமல் சாஃப்ட்வேர் படிக்க முடியுமா?
— ஒரு மாணவி, தூத்துக்குடி

பதில்: தாராளமாக முடியும். 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய மெஷின் போதும். லினக்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் இலகுவாக ஓடும்.

கேள்வி: கடைசி வருடம் படிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ப்ராஜெக்ட் வாங்கிவிட்டார்கள். மீதிப் பேர் ஏஐ-யிடம் கேட்டுச் செய்துவிட்டார்கள். நான் மட்டும் சொந்தமாகச் செய்வதில் என்ன பயன்? கோடு எழுதுவதையே ஏஐ செய்துவிடும் காலத்தில் இந்த டிகிரிக்கு மதிப்பு இருக்குமா?
— ஒரு மாணவர், மதுரை

பதில்: வைவா எடுக்கப் போன ஒரு கல்லூரியில், மருத்துவமனை நிர்வாகம் பற்றிய ப்ராஜெக்டை ஒரு மாணவர் காட்டினார். பார்க்க நன்றாக இருந்தது. “நோயாளியின் வயது என்று இருப்பதைப் பிறந்த தேதியாக மாற்றுங்கள்” என்றேன். எந்த ஃபைலைத் திறப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் அந்தப் பிள்ளை என் எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பா அம்மா பணம் கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் அது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

என்னிடம் படித்த இன்னொருவர், அவர் அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு புரோகிராம் ஒன்று எழுதினார். அவ்வளவு சின்ன விஷயம். பன்னிரண்டு உறுப்பினர்கள். அந்த வருடத்து வட்டி 1,000 ரூபாயை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். ஆளுக்கு 83.33 என்று வந்தது. அம்மா கால்குலேட்டரில் பன்னிரண்டால் பெருக்கினார்: 999.96. “அந்த நாலு பைசா யாருக்குடா?” என்று கேட்டார்.

பையன் இன்னும் சில தசம இடங்களைச் சேர்த்துப் பார்த்தார், தீரவில்லை. அதற்குள் இன்னொரு சிக்கல் கண்ணில் பட்டது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டு போவது போல, பத்தில் ஒன்றைக் கம்ப்யூட்டரால் தன் இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. அதனால் பணத்தை ரூபாயில் வைக்காமல் பைசாவில், முழு எண்ணாக வைத்தார். 1,00,000 பைசாவைப் பன்னிரண்டால் வகுத்தால் 8,333, மீதி 4. இப்போது மீதி காணாமல் போகவில்லை, கையில் இருந்தது. ஆனால் அதை யாருக்குக் கொடுப்பது என்பதற்குக் கம்ப்யூட்டரிடம் விடை இல்லை. குழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். அரை மணி நேரம் பேசிவிட்டு, மீதியைக் குழுச் சேமிப்பில் சேர்க்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எழுதியது மூன்றே வரி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மூன்று வரியை ஏஐ நொடியில் எழுதித் தரும். நானும் பயன்படுத்துகிறேன், நீங்களும் பயன்படுத்துங்கள். ஆனால் 999.96-ஐப் பார்த்ததும் ஏதோ தவறு என்று நெஞ்சில் உறுத்த வேண்டுமே, கூட்டத்துக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே, அது உங்களிடம் இருக்க வேண்டும். ஏஐ கொடுப்பதில் எது தவறு என்று பிடிக்கத் தெரியாதவரை, அதை அப்படியே ஒட்டும் வேலைக்கு யாரும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். புதியவர்களுக்கான வேலை முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் சொந்தமாகச் செய்யுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

உங்கள் தெருவிலேயே ப்ராஜெக்ட் இருக்கும். மளிகைக் கடையின் கடன் நோட்டு, டியூஷன் அக்காவின் கட்டண வரவு, கோயில் கமிட்டியின் நன்கொடை ரசீது. ஒருவர் உண்மையில் பயன்படுத்தி, ‘இது சரியில்லை’ என்று உங்களைத் திட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே கிட் போட்டு, அன்றன்றைய மாற்றத்தை ஒரு வரிக் குறிப்போடு சேமித்து வாருங்கள். இன்டர்வியூவில் அதைத் திறந்து காட்டினால், நான்கு மாதம் நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை எதிரில் இருப்பவர் தேதிவாரியாகப் பார்ப்பார். வாங்கிய ப்ராஜெக்டில் அந்தத் தடம் இருக்காது.

கேள்வி: எனக்கு 38 வயது. பிளஸ் டூவோடு திருமணம் ஆகிவிட்டது. துணிக்கடையில் பில்லிங் வேலை செய்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. வேலையை விடாமல் இந்தத் துறையில் நான் பட்டம் வாங்க முடியுமா? கணக்கு மறந்தே போய்விட்டது.
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: முடியும். ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழிப் படிப்பு, டேட்டா சயின்ஸில் பி.எஸ்., உங்களைப் போன்றவர்களுக்கும் திறந்திருக்கிறது. வயது வரம்பு இல்லை. பிளஸ் டூ முடித்து, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தை அவர்களே நடத்தி, அதிலிருந்து தகுதித் தேர்வு வைக்கிறார்கள். ஃபவுண்டேஷன், டிப்ளமா, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாக இருப்பதால், வீட்டில் ஏதாவது சூழ்நிலை வந்தால் நடுவில் அந்தந்தப் படிக்கான சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம். வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் வீட்டிலிருந்து, முக்கியத் தேர்வுகள் மட்டும் நேரில் ஒரு மையத்தில்.

ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரமாவது வேண்டும். கடை வேலையும் வீட்டு வேலையும் போக உங்களால் ஒரு தவணைக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க முடியாது. எடுக்கவும் வேண்டாம். மற்றவர்கள் நான்கு வருடத்தில் முடிப்பதை நீங்கள் ஆறு வருடத்தில் முடியுங்கள்.

கணக்கு மறந்துவிட்டது என்று சொல்கிறீர்கள். மகனுடைய பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் வீட்டில் இருக்கும். முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. அவன் அதைப் படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐஐடியின் தகுதிச் சுற்றுக் கணிதமும் ஏறக்குறைய அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.